பச்சை எந்த வருடத்துப் பச்சை?



வில்பத்து என்ற பெயர் முகநூலில் ஓடத் தொடங்கினால் இரண்டு வகைப் படங்கள் நமது போன்களுக்கு வந்து சேரும். ஒன்று செய்மதிப் படம். முழுக்கப் பச்சை, நடுவில் சிவப்புப் புள்ளிகள், மேலே "காட்டை அழிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கும். மற்றது நமது பக்கத்திலிருந்து வருவது. இடிந்த பள்ளிவாசல் சுவர் ஒன்று, அல்லது தூர்ந்துபோன கிணறு. கீழே "இது எங்கள் ஊர்" என்று இருக்கும். முதல் படத்தைப் பகிர்கிறவர் இரண்டாவதை நம்புவதில்லை. இரண்டாவதைப் போடுகிறவர் முதலாவது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. பின்னூட்டத்தில் ஆளுக்காள் ஏசிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம்.

நாம் புவியியல் படிப்பிக்கிறவர்கள். நமது வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் கணிசமானோர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்துக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். முசலி, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்ற பெயர்கள் அவர்களுக்கு வீட்டில் தினமும் கேட்கிற பெயர்கள். அப்படி ஒரு பிள்ளைதான் வகுப்பில் அந்தப் பச்சைப் படத்தைக் காட்டி, "சேர், இந்தப் பச்சையை யாரு பூசுறது?" என்று கேட்டது. கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல நமக்கு இரண்டு தவணை போயிற்று. கல்வியியற் கல்லூரியில் சமவுயரக் கோடு வரையவும் குறுக்குவெட்டு எடுக்கவும் நன்றாகவே பழக்கினார்கள். புவியியல் தகவல் முறைமை என்பது அப்போது பரீட்சைக்கு நாலு வரி. மிச்சத்தை நாமும் பிள்ளைகளும் ஒரு பழைய லெப்டொப்பில் இருந்து பழகிக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

உலகத்தில் ஆள் கை படாமல் பெரிய அளவில் மிஞ்சியிருக்கிற காடுகளுக்கு ஒரு தனி வரைபடம் உண்டு. ஆங்கிலத்தில் "இன்டாக்ட் பொரஸ்ட் லேண்ட்ஸ்கேப்" என்பார்கள். வகுப்பில் நாம் "குலையாத காடு" என்று பெயர் வைத்துக்கொண்டோம். கிரீன்பீஸ் அமைப்பும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்து செய்தது. முதலில் ரஷ்யாவின் வடக்குக் காடுகளுக்குச் செய்தார்கள், பிறகு உலகம் முழுவதற்கும். 2000ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து ஒரு கோப்பு, பிறகு 2013, 2016, 2020 என்று புதுப்பித்த கோப்புகள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணக்கு பயங்கரமானது. 2000ஆம் ஆண்டில் சுமார் 1 கோடியே 28 இலட்சம் சதுர கிலோமீற்றர் இருந்தது. 2013க்குள் அதில் 7.2 வீதம் குலைந்துவிட்டது. மிஞ்சியதில் பெரும் பங்கு ரஷ்யா, பிரேசில், கனடா என்ற மூன்று நாடுகளில்.

இந்தக் கோப்பைச் செய்த விதம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. காட்டைத் தேடிப் போய் வரையவில்லை. காடு வளரக்கூடிய முழு வலயத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் வீதி, ஊர், வயல், சுரங்கம், மின்கம்பிப் பாதை என்று செய்மதிப் படத்தில் தெரிகிற எல்லாவற்றையும் வெட்டிக் கழித்தார்கள். வீதியையும் ஊரையும் மட்டும் வெட்டவில்லை, அவற்றைச் சுற்றி 1 கிலோமீற்றர் ஓரத்தையும் சேர்த்து வெட்டினார்கள். வெட்டி முடிந்து மிஞ்சுகிற துண்டு 500 சதுர கிலோமீற்றருக்குக் குறையக் கூடாது. அகலம் 10 கிலோமீற்றராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த துண்டு எவ்வளவு நல்ல காடாக இருந்தாலும் கோப்பில் வராது.

500 சதுர கிலோமீற்றர் என்றால் எவ்வளவு? கொழும்பு மாவட்டம் முழுவதும் 699 சதுர கிலோமீற்றர். அதில் பத்தில் ஏழு பங்கு, நடுவில் ஒரு வீதிகூட இல்லாமல். நமது நாட்டின் பெருமை என்று நாம் படிப்பிக்கிற சிங்கராஜ வனம், 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றபோது 8,864 ஹெக்டயர். அதாவது 89 சதுர கிலோமீற்றர்கூட இல்லை. ஆகவே சிங்கராஜ இந்த அளவுகோலில் நிற்காது. அதனால் சிங்கராஜ நல்ல காடு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. ரஷ்யாவையும் பிரேசிலையும் அளக்கச் செய்த கோல் அது. அதைக் கொண்டுவந்து ஒரு சின்னத் தீவில் வைத்தால் விடை வேறு மாதிரித்தான் வரும்.

சிங்கராஜ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கன்னி வனம்" என்ற சொல்லைப் பாடப்புத்தக நடையில் நாம் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். 1970களில், 1977 வரைக்கும், பிளைவுட் தொழிற்சாலைக்காக அந்த வனத்தின் ஒரு பகுதியில் இயந்திரம் கொண்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வந்தபிறகுதான் நிறுத்தினார்கள். வெட்டிய பகுதி இன்று திரும்ப வளர்ந்து நிற்கிறது, உலக மரபுரிமைக்குள்ளேயே இருக்கிறது. மேலேயிருந்து பார்க்கிற செய்மதிக்கு அதுவும் பச்சைதான்.

குலையாத காட்டுக் கோப்போடு வருகிற விளக்கக் குறிப்பை முழுதாக வாசிக்கச் சொல்லி ஏ.எல். பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டது, "இது மெய்யா சேர்?" என்று. அங்கே இருப்பது இதுதான். சேனைப் பயிர்ச்செய்கை, அங்குமிங்குமாக மாடு மேய்ப்பது, வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் மரம் எடுப்பது, வேட்டை இவையெல்லாம் "பின்னணித் தாக்கம்". இவை நடந்திருந்தாலும் அந்த நிலம் குலையாத காடு என்ற பட்டியலுக்குள் வரலாம். கழிக்கப்படுவது கடந்த 30 முதல் 70 வருடத்துக்குள் நடந்த பெரிய தொழில் வேலைகள். கோப்பைச் செய்தவர்களே "இங்கே மனிசன் இருந்ததில்லை" என்று சொல்லவில்லை. பழைய, சிறிய கைபடுதலை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப் போகிறது. நிறம் மட்டும் வருகிறது.

நமது போன்களுக்கு வருகிற பச்சை சிவப்புப் படங்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்பிலிருந்து வருபவை அல்ல. அவை இன்னொன்றிலிருந்து வருகின்றன. மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட உலக மரப்போர்வைத் தரவு அது, வருடாவருடம் புதுப்பிக்கிறார்கள். லான்ட்சட் செய்மதிப் படங்களிலிருந்து செய்தது. 2000ஆம் ஆண்டில் எங்கே மரம் இருந்தது என்பது பச்சை. 2001க்குப் பிறகு எங்கே அந்த மரம் போயிற்று என்பது சிவப்பு. மரம் என்றால் 5 மீற்றருக்கு மேல் உயரமான எதுவும். அது பாலை மரமா, தென்னையா, இறப்பரா, தேக்கந்தோட்டமா என்று தரவு கேட்பதில்லை. தென்னந்தோட்டத்தில் பழைய மரத்தைத் தறித்துவிட்டுப் புதுக் கன்று வைத்தால் அதுவும் சிவப்பாக வரலாம். தென்னை முக்கோணத்தில் இருக்கிற நமக்கு இது விளங்கச் சிரமமில்லை.

ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். 900 சதுர மீற்றர், நமது கணக்கில் கிட்டத்தட்ட 36 பேர்ச்சஸ். ஒரு வீடு, ஒரு கிணறு, முற்றத்து மா, வேலியோரத்து முருங்கை எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்கு ஒரே நிறம்தான். புளிய மரம் வீட்டைக் கவிந்து நின்றால் வீடு இல்லை, புளி மட்டும்தான்.

இனி வருடங்களை அடுக்கிப் பாருங்கள். நாம் பலகையில் ஒரு கோடு போட்டு பிள்ளைகளிடம் நிரப்பச் சொன்னோம். 1990 ஒக்டோபர், ஊர் வெறுமையாயிற்று. 2000, தரவின் அடிப்படை வருடம். 2009 மே, யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு சிறுகச் சிறுக மீள்குடியேற்றம். 2012 ஒக்டோபர், மறிச்சுக்கட்டி கரடிக்குளி வன ஒதுக்கம் வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச், மாவில்லு என்ற பெயரில் சுமார் 40,000 ஹெக்டயர் பேணற்காடாக வர்த்தமானியில் வந்தது. 2020 நவம்பர், கல்லாற்றுப் பகுதியில் வன ஒதுக்கத்துக்குள் காடு வெட்டியது சட்டத்துக்கு முரண், திரும்ப மரம் நட வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு.

கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. அந்தத் தரவின் கடிகாரம் 2000இல்தான் ஓடத் தொடங்குகிறது. ஊரில் ஆள் இல்லாத 19 வருடத்தின் நடுவில். 10 வருடம் உழாத வயலில் நாயுண்ணியும் இலந்தையும் சூரையும் வந்து, அதற்குமேல் மரமும் தலைதூக்கத் தொடங்கிய நேரம். அந்த நேரத்தில் நின்ற மரம் எல்லாம் "இருந்த காடு". 2009க்குப் பிறகு சொந்தக்காரன் வந்து அதைத் துப்புரவு செய்தால் "அழிந்த காடு". தரவு பொய் சொல்லவில்லை. 2000இல் அங்கே மரம் இருந்தது, பிறகு இல்லாமல் போனது, இரண்டும் உண்மை. 1990க்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்ற கேள்வி மட்டும் அதனிடம் கேட்கப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. லான்ட்சட் வரிசையில் முதல் செய்மதி 1972இல் போனது. 30 மீற்றர் கட்டத்தில் படம் எடுக்கிற கருவி 1982இலிருந்து. அந்தப் பழைய படங்கள் முழுவதையும் 2008இலிருந்து இலவசமாகத் தருகிறார்கள். எல்லா வருடத்துக்கும் நல்ல படம் கிடைக்காது. கிடைப்பதிலும் முகில் மறைத்திருக்கும். தேடித் தேடி, 80களின் கடைசியில் கோடைகாலத்தில் எடுத்த ஒன்றையும் 2001 அளவில் எடுத்த ஒன்றையும் எடுத்து கியூ.ஜி.ஐ.எஸ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். கோடைகாலப் படம் ஏன் என்றால், மாரியில் வயலும் பச்சை, காடும் பச்சை. கோடையில் வயல் அறுத்து வெறுந்தரையாகக் கிடக்கும். பாலையும் வீரையும் நிற்கிற காடு அப்போதும் கரும்பச்சைதான். அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பாகக் காட்டச் சொன்னால் காடு இருண்ட சிவப்பாகவும், வெறும் வயல் வெளிறிய நிறமாகவும், குளம் கறுப்புத் துளியாகவும் பிரிந்து நிற்கும். இந்த இடத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. குளத்துக்குக் கீழே வெளிறிய கட்டங்கள் வரிசையாக இருந்தன. யாரோ வரம்பு போட்டு, வாய்க்கால் வெட்டி வைத்த வரிசை. அடுத்த படத்தில் அந்த வரிசை மங்கி, ஓரங்கள் கரைந்து, சுற்றியிருந்த சிவப்பு உள்ளே வந்திருந்தது.

எந்தக் குளம் என்று இங்கே எழுத மாட்டோம். காணிப் பிரச்சினை முடியாத இடங்கள் அவை. ஒரு வகுப்பு வேலையை யாரும் வழக்குக்கு ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

பிறகு பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் கேட்டுப் புள்ளி வைக்கச் சொன்னோம். வன ஒதுக்கத்துக்குள் யாரையும் போகச் சொல்லவில்லை, போகவும் கூடாது. லெப்டொப்பைக் கொண்டுபோய் மூத்தப்பாவின் முன்னால் வைத்து கூகுள் ஏர்த்தைத் திறந்து குளக்கட்டு, ஆற்று வளைவு, கடற்கரை, பழைய மன்னார் வீதி என்று இன்றைக்கும் தெரிகிற அடையாளங்களைக் காட்டினால் போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவர், திரையில் விரலை வைத்து, "கட்டு முடியிற இடத்தில ஒரு புளி. அதில இருந்து கிழக்கால இருவது பாகம் போனா கிணறு. கிணத்துக்கு அங்கால மையவாடி. எங்கட உம்மா அங்கதான்" என்றார். பேத்தி அந்தப் புள்ளியை வைத்து, பெயர்க் கட்டத்தில் "மூத்தப்பாவின் உம்மா" என்று எழுதியது. நாம் அதைத் திருத்தவில்லை.

புளி, வேம்பு, பனை, தூர்ந்த கிணறு, உடைந்த உரல், கபுறுக்கு நட்ட மீசான் கல். காட்டுக்குள் இவை இருந்தால் அது ஊர் இருந்த இடம் என்று எந்தக் கிழவருக்கும் தெரியும். 36 பேர்ச்சஸுக்கு ஒரு நிறம் பூசுகிற செய்மதிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

இனி எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது.

பிள்ளைகள் கொண்டுவந்த புள்ளிகளில் பெரும்பாலானவை பழைய படத்தின் வெளிறிய பகுதியில், அல்லது அதன் ஓரத்தில் விழுந்தன. சில புள்ளிகள் அப்படி விழவில்லை. "இதுவும் எங்கட காணிதான்" என்று வீட்டில் சொல்லி அனுப்பிய ஒரு துண்டு, 80களின் படத்திலேயே இருண்ட சிவப்பாக இருந்தது. 2001 படத்திலும் இருண்ட சிவப்பு. அது யுத்தத்தில் முளைத்த காடு இல்லை. அதற்கு முன்னாலேயே நின்ற காடு. அந்தப் பிள்ளை நமது முகத்தைப் பார்த்தது. புள்ளியை எடுத்துவிடவா என்று கேட்டது. எடுக்க வேண்டாம், வைத்துவிட்டுப் பக்கத்தில் "1980களில் காடு" என்று எழுது என்றோம். மறுநாள் தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். அந்த இடத்தில் தேன் எடுத்தோம், மாடு விட்டோம், வீட்டுக்குக் கம்பு வெட்டினோம், அது எப்படி நமக்கு இல்லாமல் போகும் என்றார். அவர் சொன்னது நடந்திருக்கும், அதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் சொன்னது: தேன் எடுத்த காடு வேறு, உழுத வயல் வேறு, இரண்டையும் ஒரே நிறத்தில் பூசினால் நாளைக்கு ஒருவர் இந்தப் படத்தைத் திறந்து அந்த ஒரு துண்டைக் காட்டி, உழுத வயலையும் சேர்த்துப் பொய் என்று சொல்லிவிடுவார். அவர் ஒத்துக்கொண்டாரா தெரியாது. தேநீர் குடித்துவிட்டுப் போனார். பிள்ளை தொடர்ந்து வகுப்புக்கு வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே தேசிய பூங்கா. 1938இலிருந்து தேசிய பூங்கா, 1,317 சதுர கிலோமீற்றர். அதன் வில்லுகளும் கரடியும் சிறுத்தையும் நமக்கும் உரியவைதான். நமது ஊர்கள் ஆற்றுக்கு வடக்கே. "வில்பத்துவுக்குள் குடியேறினார்கள்" என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு கோட்டைப் படத்தில் காட்டினாலே பாதிச் சண்டை குறையும். ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே என்பதால் வடக்கே இருப்பது எல்லாம் வெறும் காணி என்று நம்மவர்கள் சிலர் எழுதுவதும் சரியில்லை. பூங்காவை ஒட்டி நிற்கிற காடும் காடுதான், யானைக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. எந்த இடம் பழைய காடு, எந்த இடம் 1990க்குப் பிறகு வந்த காடு என்று பிரித்துக் காட்ட முடியும் என்பதுதான் நாம் சொல்ல வருவது. பிரித்துக் காட்டினால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கசக்கும்.

இதைத் தங்கள் ஊரிலும் செய்ய நினைக்கிற ஆசிரியர்களுக்குச் சில விடயங்கள்.

ஷேப் பைல் என்று ஒன்றைச் சொல்வார்கள், அது ஒரு பைல் இல்லை. எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எப்., பி.ஆர்.ஜே. என்று பொதுவாக நாலு பைல் ஒரே பெயரில் இருக்கும். முதலாவதில் வடிவம், மூன்றாவதில் பெயர் விபரம், நாலாவதில் எந்த ஆள்கூற்று முறை என்ற குறிப்பு. வாட்ஸ்அப்பில் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு "திறக்குதில்லையே" என்று கேட்கக் கூடாது, நாலையும் சிப் பண்ணித்தான் அனுப்ப வேண்டும். போனில் ஜி.பி.எஸ். வைத்து எடுக்கிற புள்ளிகள் கே.எம்.எல். என்ற வடிவில் வரும். அது ஒரே பைல், அனுப்ப இலகு.

பி.ஆர்.ஜே. பைலைச் சின்னதென்று விட்டுவிடாதீர்கள். நமது நில அளவைத் திணைக்களத்தின் படங்கள் பிதுருதலாகலையை மையமாக வைத்த தனி ஆள்கூற்று முறையில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். இருப்பது வேறொரு உலகப் பொது முறையில். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் நூறு மீற்றருக்கு மேலேயே விலகிவிடும். உங்கள் வளவுக் கிணறு அடுத்த வீட்டார் வளவுக்குள் போய் நிற்கும், அல்லது ஒதுக்கத்துக்குள் நிற்கும். எல்லைச் சண்டையில் நூறு மீற்றர் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழைய அங்குலத் தாள்கள், அதாவது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த பழைய இடவிளக்கப் படங்கள், செய்மதிக்கு முந்தியவை. குளம், கோயில், பள்ளிவாசல், ஊர்ப் பெயர் எல்லாம் அவற்றில் குறித்திருக்கும். ஸ்கேன் பண்ணிய படத்தில் நாலைந்து அடையாளங்களைப் பிடித்து, கியூ.ஜி.ஐ.எஸ்ஸில் சரியான இடத்தில் பொருத்தலாம். இது ஓ.எல். பிள்ளைக்கும் முடியும். நமது வகுப்பில் இதை மிக நேர்த்தியாகச் செய்தது கணிதத்தில் எப்போதும் குறைந்த புள்ளி எடுக்கிற ஒரு பிள்ளை.

இணையத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒரு தரவும் இருக்கிறது. எந்தப் புளிக்குக் கீழே எந்தக் கிணறு, எந்த வாய்க்கால் யாருடைய வயலுக்குப் போனது, மையவாடியின் எல்லை எது என்பது. அது 1990இல் 30, 40 வயதாக இருந்தவர்களிடம் இருக்கிறது. இன்று அவர்களுக்கு 65, 75. இந்த வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் நமக்குப் புள்ளி சொல்லித் தந்த மூத்தவர்களில் இருவர் மௌத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஒருவர் சொன்னதைப் பேரன் பதிவு செய்து வைத்திருந்தான். மற்றவர், அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உட்காருவோம் என்று சொல்லியிருந்தார்.

நோன்புக்குப் பிறகு வருகிற சனிக்கிழமைகளில், இன்ஷா அல்லாஹ், இதைத் திரும்பத் தொடங்குகிறோம். வீட்டில் மூத்தப்பா, உம்மும்மா யாராவது ஊரைப் பற்றிக் கதைத்தால், பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திகதியும் ஆள் பெயரும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லட்டும். பழைய பெர்மிட், உறுதி, அதனோடு வருகிற நில அளவைப் படம் இருந்தால் பிரதி எடுத்துத் தாருங்கள், மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நமக்கும் வேண்டாம். பழைய அங்குலத் தாள் யாரிடமாவது இருந்தால், மடிப்பை விரித்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரிப் பகல் வெளிச்சத்தில் நேராக மேலேயிருந்து படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டொக்யுமென்ட்டாக அனுப்புங்கள்.